கடல் நீர், டின்னில், அம்பத்தூர் வரை

அம்பத்தூர்,
பிரமோதூத வருஷம், வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை.

ம-ள-ள-ஸ்ரீ மணவாள முதலியார் அவர்கள் சமூகத்துக்கு, அம்பத்தூர் தசரத முதலியார் பணிவுடன் எழுதிக்கொண்டது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கடாட்சத்தினால் இவ்விடம் நானும், வீட்டில் பொன்னம்மாளும், குழந்தை தாட்சாயிணியும், கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் நான்கு மீன்களும் க்ஷேமம். பூந்தமல்லியில் தாங்களும், சம்பந்தியம்மாள் சாமுண்டீஸ்வரி அவர்களும், சிரஞ்சீவி சம்பத்தும் சௌக்கியமாக இருக்க வேண்டும். 'சம்பந்தியம்மாள்' என்று எழுத எனக்கு இன்னும் பாத்தியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒரு மாதப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்க மனம் வரவில்லை.

நேற்று தரகர் திருவேங்கடம் வந்து, அடுத்த வாரம் நடக்கவிருந்த நிச்சயதாம்பூலத்தைத் தாங்கள் நிறுத்திவைக்கச் சொன்னதாகச் சொன்னார். காரணம் கேட்டேன். "சமுத்திரத் தண்ணியோட உங்களைப் போலீஸ் புடிச்சிக்கினு போச்சாமே? மாலையெல்லாம் போட்டாங்களாமே? அவரு உப்பு இலாகாவுல இன்ஸ்பெக்டரு. உப்புத் திருடன் ஊட்ல பொண்ணு எடுத்தா அவரு உத்தியோகம் இன்னாவுறது?" என்றார். தாங்கள் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. உப்புக் காய்ச்சப் போகிறோம் என்று தேசம் பூராவும் ஜனங்கள் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருக்கும் சமயத்தில், ஒரு பென்ஷன்காரக் கிழவன் டின் டின்னாகக் கடல் நீரை ரயிலேற்றினால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் விஷயம் அதுவல்ல. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு தாங்கள் என்னைப் பொய்யன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, சர்க்காருக்கு விரோதி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

எல்லாம் திருவேங்கடத்தின் வாயில் வெற்றிலை இருந்ததால் வந்த வினை. அவருக்கு முன்பற்கள் இரண்டும் கிடையாது. வெற்றிலை இல்லாத வேளையிலேயே பாதி வார்த்தை காற்றாகத்தான் வெளியே வரும், அதிலும் 'ர' என்ற எழுத்து அவரைவிட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அவர் தங்கள் வீட்டுக்கு வந்து ஜாதக விவரம் சொன்னபோது, 'பொண்ணு மீன ராசி' என்றுதான் சொன்னாராம். அது சம்பந்தியம்மாள் காதில் 'பொண்ணுக்கு மீன் ஆசை' என்று விழுந்திருக்கிறது. இது எனக்குப் பிற்பாடு தரகரைப் பிடித்து உலுக்கியபோதுதான் தெரிந்தது. தாங்கள் பெண் பார்க்க வந்த அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. சம்பந்தியம்மாள் பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டு, "பொண்ணுக்கு மீனுன்னா ரொம்ப ஆசையாமே?" என்று கேட்டார்களே, அது தங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டு வாசற்படியை முட்டை ஓடுகூடத் தாண்டியதில்லை. தங்கள் குடும்பமும் அப்படியே என்பதால்தான் இந்தச் சம்பந்தமே பேச ஆரம்பித்தது. இல்லை என்றால் தரகர் பொய் சொன்னதாகும், ஆமாம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் அப்படியே எழுந்து வண்டியில் ஏறிவிடுவார்கள். என் வாயிலிருந்து, "வளர்க்கத்தான்! பார்த்துச் சந்தோஷப்படத்தான்!" என்று வந்துவிட்டது. எல்லாருக்கும் மூச்சு வந்தது. தாங்கள்கூடச் சிரித்தீர்கள். அத்தோடு விட்டிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. சிரஞ்சீவி சம்பத் மரியாதையாக, "ஏரி மீனா மாமா, கடல் மீனா?" என்று கேட்டார். பி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு ஏரி மீன் என்று பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கடல் மீன் என்றேன். எங்கே, பார்க்கலாமா என்றார். கொல்லைப்பக்கம் இருக்கிறது, இது அவை தூங்கும் வேளை என்றேன். "அப்படியானால் நிச்சயதாம்பூலத்தன்று பார்க்கிறேன்" என்று அவர் சொன்னபோது, கதவுக்குப் பின்னாலிருந்து தாட்சாயிணி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

தாங்கள் வண்டியேறிய கையோடு வீட்டில் சபை கூடியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் தாட்சாயிணி. சொன்னால் சம்பந்தம் போய்விடும் என்றேன் நான். பொன்னம்மாள், "மீனையோ திமிங்கிலத்தையோ கொண்டாந்து வையுங்க. ஆனா கல்யாணத்துக்குன்னு எடுத்து வச்சதுல கை வச்சீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆகவே பணம் செலவழியாமல் ஒரு சமுத்திரம் செய்யவேண்டியதாயிற்று.

முதலில் பெட்டி. பட்டணத்தில் விசாரித்ததில், மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி சீமையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். வில்லிவாக்கத்தில் ஒரு மிட்டாய்க்கடை மூடிக்கிடந்தது. அதிலிருந்த கண்ணாடிப் பெட்டியைக் கடைக்காரர், தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார். மைசூர்பாகு அடுக்கும் பெட்டி. ஜாங்கிரிக்குத் தனித் தட்டு உண்டு. எங்கள் வண்டிக்காரன் துலுக்கானம் அதை வைக்கோல் மேல் வைத்து ஓட்டிவந்தான். கூடத்தில் இறக்கியவுடன் அம்பத்தூரில் உள்ள எறும்பு அத்தனையும் தங்கள் சொத்து திரும்பி வந்துவிட்டதுபோல வரிசைகட்டி வந்தன. வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். பழைய பாகெல்லாம் கரைந்து போனபிறகுதான், அந்தப் பெட்டியின் மூலைகளை இத்தனை நாளும் பிடித்து வைத்திருந்தது அந்தப் பாகுதான் என்று தெரிந்தது. நாலு பக்கமும் ஒழுகியது. மாவுப்பசை வைத்துப் பார்த்தோம், மெழுகு வைத்துப் பார்த்தோம். கடைசியில் துலுக்கானம், "படவுக்குப் பூசறாங்களே, கீலு, அத்தக் காச்சி ஊத்துவோம் நைனா, யமனே வந்தாலும் ஒயுகாது" என்று கீலைக் காய்ச்சி மூலை மூலையாக ஊற்றினான். ஒழுகல் நின்றது. உள்ளே இருப்பது தெரியவேண்டிய கண்ணாடியில் பாதி கறுப்பாகிவிட்டது. மீன் நடுவில் வந்து நின்றால் பார்க்கலாம்.

அடுத்து தண்ணீர். இங்கே நான் செய்த காரியத்தைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். எனக்குக் கடல் நீர் வேண்டும் என்ற எண்ணமே ஆதியில் இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, கடையில் முறையாக வரி கட்டி விற்கும் சர்க்கார் உப்பை வாங்கிக் கொட்டினேன். ஊரில் பாதிப்பேர் சர்க்கார் உப்பைத் தொடமாட்டோம் என்று சபதம் செய்துகொண்டிருந்த வாரத்தில், ஒரு மூட்டை உப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வழியாக வந்தவன் நான் ஒருவன்தான். அதற்காக நாலு பேர் என்னைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். என் ராஜவிசுவாசத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? எவ்வளவு உப்புப் போட்டால் சமுத்திரம் ஆகும் என்பதுதான் தெரியவில்லை. பொன்னம்மாளைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னேன். முதல் மூன்று படி போட்டதும் நாக்கில் விட்டுப் பார்த்து, "கொஞ்சம் தூக்கல்தான், ரெண்டு உருளைக்கிழங்கு நறுக்கிப் போடட்டுமா?" என்றாள். கைப்பழக்கம். தாட்சாயிணிதான் ஒருமுறை கடற்கரையில் அலை அடித்து வாயில் போன ஞாபகத்தை வைத்து, "இன்னும் போடுங்கப்பா, தொண்டை காறணும்" என்று சொல்லிச் சொல்லி முழு மூட்டையும் தீர்ந்தது.

பிறகு மீன். கடல் மீனை உயிரோடு கொண்டுவருவது கஷ்டம் என்றார்கள். நான் யோசித்தேன். கடல் மீன் என்பது உப்புத் தண்ணீரில் இருக்கும் மீன். ஆகவே எந்த மீனை உப்புத் தண்ணீரில் விட்டாலும் அது கடல் மீன்தானே? துலுக்கானம் நம் ஏரியிலிருந்து கெண்டைக் குஞ்சுகளை ஒரு சட்டியில் பிடித்துவந்தான். விட்டோம். அவை அரைமணி நேரம் சமுத்திரத்தை மிகவும் வெறுத்துவிட்டு, மல்லாந்து மிதக்க ஆரம்பித்தன. நான் திண்டாடிப்போனேன். தாட்சாயிணி அன்று சாப்பிடவில்லை. துலுக்கானம் அவற்றை வாழையிலையில் சுற்றிக்கொண்டு போனான். மறுநாள் வந்து, "கொயம்பு வச்சேன் நைனா. உப்பே போடல. இன்னா ஜோரா இருந்துச்சு தெரியுமா? நாளைக்கும் ரெண்டு வுடுங்களேன்" என்றான். அவனுக்கு இந்தத் தொட்டியின் உபயோகம் இன்னதென்று அன்று முதல் ஒரு அபிப்பிராயம் ஏற்பட்டுவிட்டது, இன்றுவரை மாறவில்லை.

இனி நிஜக் கடல் நீரும் நிஜக் கடல் மீனும் இல்லாமல் ஆகாது என்று முடிவாயிற்று. மண்ணெண்ணெய் டின்களைச் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு, துலுக்கானத்தையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் பட்டணம் போனேன். தலையில் வெள்ளைக் குல்லா போட்டிருந்தேன். இதையும் தங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அது காங்கிரஸ் குல்லா அல்ல. இந்தச் சம்பந்தம் நல்லபடியாக முடியவேண்டும் என்று நேர்ந்துகொண்டு திருவள்ளூரில் போய் மொட்டையடித்திருந்தேன். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறதே என்று பொன்னம்மாள் என் பழைய வேட்டியைக் கிழித்து ஒரு குல்லா தைத்துக் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த தையல் அவ்வளவுதான், அது அந்த வடிவத்தில் வந்துவிட்டது.

கடற்கரையில் முதலில் மீன் காட்சிச்சாலைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே தொட்டிக்குள் ஒரு குழாய் வழியாகக் காற்று வந்து குமிழி குமிழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஓகோ, மீனுக்கும் மூச்சு முட்டும் போலிருக்கிறது, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு இருந்தால் போதும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு அலையில் இறங்கி டின்களை நிரப்பினோம். குப்பத்து ஆள் ஒருவர் வலையில் கிடந்த கீச்சான் குஞ்சுகளை உயிரோடு ஒரு பானையில் போட்டுக்கொடுத்தார். உடம்பில் கறுப்புக் கறுப்பாக வரி போட்ட மீன். தண்ணீரைவிட்டு எடுத்தால் கீச் கீச்சென்று சத்தம் போடும். சற்றுத் தள்ளி ஒரு பெரிய கூட்டமும் போலீசும் இருந்தது உண்மை. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வம்பும் இல்லாமல் ஜட்கா வைத்து ரயிலடிக்கு வந்து சேர்ந்தோம்.

என்னைக் கெடுத்தது கடற்கரை அல்ல, ரயிலடி. நான் உத்தியோகம் பார்த்தது ரயில்வே கூட்ஸ் ஆபீசில் என்பது தாங்கள் அறிந்ததே. சரக்கு எதுவோ அதை உள்ளபடி எழுதவேண்டும் என்று எத்தனையோ வியாபாரிகளோடு சண்டை போட்டவன். லக்கேஜ் குமாஸ்தா சின்ன வயசுப் பிள்ளை. "டின்னுல என்னாங்க, கெரசினா?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இந்நேரம் நிச்சயதாம்பூலத்துக்குப் பந்தக்கால் நட்டிருப்பேன். கடல் நீர் என்றேன். அவர் என்னையும் குல்லாவையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பாவம், குரலைத் தாழ்த்தி, "தண்ணின்னு எழுதிடறேன் பெரியவரே, எடுத்துக்கினு போயிடுங்க" என்றார். நான் கேட்கவில்லை. தண்ணீர் வேறு, கடல் நீர் வேறு, நாளைக்குத் தணிக்கை வந்தால் உமக்குத்தான் தொந்தரவு, உள்ளபடி எழுதும் ஐயா என்று மேஜையைத் தட்டினேன். அவர் பெருமூச்சு விட்டு, 'கடல் நீர், டின்னில், அம்பத்தூர் வரை' என்று எழுதி, வழக்கப்படி உரக்கப் படித்தார். எனக்குப் பின்னால் ஒரு கான்ஸ்டேபிள் நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னா பெருசு, எடுத்துக்கினு போயி ஊட்ல காச்சப்போறியா?" என்றார் அவர். காய்ச்சினால் செத்துப்போகும் என்றேன். எது செத்துப்போகும் என்றார். மீன் என்றேன். அவர் என்னையும் துலுக்கானத்தையும், டின்களையும் பானையையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒரு சப் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தினார். சப் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"அம்பத்தூர்ல ஏரி இல்லையா, அதுல மீனு இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கிறது. அது சம்பந்தி வீட்டாருக்குச் சரிப்படாது" என்றேன்.

"அவங்க கடல் மீனுதான் சாப்பிடுவாங்களா?"

"ஐயையோ, மீனே சாப்பிடமாட்டார்கள். பார்ப்பார்கள்."

அவர் பேனாவை எடுத்து மையில் தோய்த்தார். பிறகு, யார் அந்தச் சம்பந்தி, பெயரைச் சொல்லும் என்றார். முதலியார் அவர்களே, இந்த ஒரு இடத்தை மட்டும் தாங்கள் இரண்டு தடவை படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே விட்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால், உப்பு இலாகா இன்ஸ்பெக்டருக்காக ஒருவன் கடல் நீர் எடுத்துப் போகிறான் என்று அங்கே எழுதிக்கொண்டால் தங்கள் பேருக்கு என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. சம்பந்தி ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் சந்தேகம் தீரப் பானைக்குள் கையை விட்டு ஒரு கீச்சானைத் தூக்கினார். அது அவர் முகத்துக்கு நேரே கீச்சென்று கத்தியது. அவர் அதைப் பானையில் போட்டுவிட்டு நாற்காலியோடு பின்னால் போனார். "சரி, சரி, மீனுதான். எடுத்துக்கினு போங்க. உப்பா மட்டும் ஆக்கிடாதீங்க" என்று அனுப்பிவிட்டார். என்மேல் கேஸ் ஒன்றும் இல்லை. ஜெயிலுக்குப் போனதாகச் சொல்வதெல்லாம் சுத்தக் கட்டுக்கதை. விசிறிகூடப் போட்டார்கள்.

வெளியே வந்தால் ஒரு பெருங்கூட்டம். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. வந்தே மாதரம் என்றார்கள். என் கழுத்தில் சாமந்தி மாலை விழுந்தது, துலுக்கானம் கழுத்தில் இரண்டு விழுந்தன. நான் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது மீனுக்காகக் கொண்டுபோகிற தண்ணீர்" என்று நிஜத்தைத்தான் சொன்னேன். "பார்த்தீர்களா, போலீசை எப்படி ஏமாற்றியிருக்கிறார்!" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் இன்னும் பலமாக ஜே போட்டது. துலுக்கானமாவது வாயை மூடிக்கொண்டு வந்தானா? இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு அவனும் கூவுகிறான். ஏண்டா இப்படிச் செய்கிறாய் என்றால், "இன்னா நைனா, சும்மா மாலை போட்றாங்க, வாணாம்னா சொல்றது?" என்கிறான். ரயிலில் கூட ஏறியவர்கள் டின்களைக் கீழே வைக்க விடவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள். அம்பத்தூர் வருவதற்குள் ஒரு டின் முழுக்கத் தீர்த்தமாகவே தீர்ந்துவிட்டது. இங்கே இறங்கினால் மேளம். என்னை வீடுவரை நடத்திக்கொண்டு போனவர்களில், போன வாரம் என் உப்பு மூட்டையைப் பார்த்துத் துப்பியவர்களும் இருந்தார்கள்.

மீன்கள் சௌக்கியமாக வந்து சேர்ந்தன. அவற்றைப் பெட்டியில் விட்டு, சைக்கிள் பம்பின் ரப்பர் குழாயை உள்ளே போட்டு, வேளை வைத்துக் காற்றடித்து வருகிறோம். நான் அடிப்பேன், கை ஓய்ந்தால் தாட்சாயிணி அடிப்பாள். மோர்சாதம் போட்டுப் பார்த்தோம், தொடவில்லை. அப்பளம், வடாம், திருக்கண்ணமுது எதற்கும் மசியவில்லை. தாட்சாயிணிதான், "அதுங்க நம்ம ஜாதி இல்லப்பா, இறாலு வேணும்" என்று தைரியமாகச் சொன்னாள். பொன்னம்மாள் ஒருநாள் முழுக்க யோசித்து, இறால் கொல்லைப்பக்கமாக வரலாம், சமையற்கட்டைத் தாண்டக்கூடாது, போட்டவர் தலைமுழுகவேண்டும் என்று நிபந்தனை போட்டாள். அதன்படியே நடக்கிறது. துலுக்கானம் இலையில் சுற்றி இறால் கொண்டுவருவதைப் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் பார்த்துவிட்டு, முதலியார் வீட்டில் ஜெயிலுக்குப் போய்வந்த பிறகு எல்லாம் சாப்பிடுகிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இது தங்கள் காதுக்கு வந்தால் அதற்கும் இதுவே பதில்.

இவ்வளவுதான் நடந்தது. திருவேங்கடம் வந்து சம்பந்தம் நின்றுவிட்டது என்று சொன்னபோது தாட்சாயிணி பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரை அடித்துக்கொண்டே இருந்தாள். போதும் அம்மா, மீனெல்லாம் உப்பிப்போகும் என்று நான் சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். அவளுக்குத் தங்கள் பிள்ளையைப் பிடித்திருக்கிறது. அதை அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் நான்கு மீனில் பெரியதற்கு மட்டும் பெயர் வைத்திருக்கிறாள், என்ன பெயர் என்று எங்களுக்குச் சொல்லமாட்டேன் என்கிறாள். ராசியை ஆசையாக்கிய குற்றம் தரகரைச் சேரும், கடல் மீன் என்று சொன்ன குற்றம் என்னைச் சேரும். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் உப்புச் சத்தியாக்கிரகி அல்ல, ஒருநாளும் ஆகமாட்டேன், ஆகும் தைரியமும் எனக்குக் கிடையாது. இதைத் தாங்கள் நம்பவேண்டும். நம்பி, குறித்த நாளிலேயே எல்லோரும் வந்து தாம்பூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். வந்தால், கண்ணாடிக்கு நேர் நடுவில் நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவர் வணக்கத்தையும் தெரிவிக்கவும். சிரஞ்சீவி சம்பத்துக்குத் தீர்க்காயுசும் சகல சௌபாக்கியமும் உண்டாக வீரராகவன் அருள்வான்.

இங்ஙனம்,
தங்கள் சம்பந்தி ஆக விரும்பும்,
தசரதன்.

பின்குறிப்பு: மேற்படிக் கடிதத்தை மடித்து உறையில் போடும் சமயம் சிரஞ்சீவி சம்பத்தே வாசலில் வந்து நின்றார். கதர் வேட்டி, கதர்ச் சட்டை, தலையில் என்னுடையது போலவே ஒரு குல்லா, நல்ல தையல். வந்ததும் சாஷ்டாங்கமாக என் காலில் விழுந்துவிட்டார். "பயந்த குடும்பம்னு நெனச்சு, இந்தக் கல்யாணமே வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லலாம்னு இருந்தேன் மாமா. நீங்க டின் டின்னா எடுத்துட்டு வந்தீங்கன்னு கேள்விப்பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு" என்றார். தங்களிடம் காலேஜ் லைப்ரரிக்குப் போவதாகச் சொன்ன நாட்களில் அவர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தாராம். கூட்டத்தில் தடியடி பட்டு முழங்கையில் ஒரு காயமும் இருக்கிறது. தாட்சாயிணி மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள். மீனைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு மீன் என்றால் சிறு வயதிலிருந்தே அருவருப்பாம், பெண்ணுக்குப் பிரியம் என்று அம்மா சொன்னார்களே என்று ஒரு மரியாதைக்காகக் கேட்டு வைத்தாராம். பிறகு பெட்டியைச் சுற்றி வந்து பார்த்து, "மீனெல்லாம் போலீஸ் கண்ணுல மண்ணைத் தூவத்தானே மாமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆமாம்" என்று ஒரு பதில் வந்தது. சொன்னது நானல்ல, தாட்சாயிணி. இப்போது இரண்டுபேரும் பெட்டி விளிம்பில் படிந்த உப்பைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்று தரகர் வந்து போனதற்குப் பிறகு இப்போதுதான் அவள் சிரிக்கிறாள், தடுக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று அவர் பொன்னம்மாளிடம் சொல்லிவிட்டார். தங்களிடம் சொல்ல மட்டும் அவருக்குப் பயமாக இருக்கிறதாம். "போலீசுக்கே பயப்படாதவர், அப்பாவுக்கு நீங்களே எழுதிடுங்க மாமா" என்கிறார். ஆகவே எழுதிவிட்டேன். மேலே நான் எழுதியிருப்பது ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். தாங்கள் அதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிட வேண்டும். சிரஞ்சீவி எப்போதாவது சந்தேகப்பட்டுக் கேட்டால், உப்பு இலாகா இன்ஸ்பெக்டர் என்ற முறையில் தாங்கள், 'அம்பத்தூர் தசரதன் உப்புக் காய்ச்சத்தான் போனான், எனக்கு நன்றாகத் தெரியும்' என்று ஒரு வார்த்தை சொல்லிக் காப்பாற்ற வேண்டியது.